குடுவைக்கு வந்த கட்டி

முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு பெண்ணின் குரல் பாதிச் சிரிப்பும் பாதிக் கோபமுமாக வந்துகொண்டிருந்தது.

"என் குடுவைக்குக் கட்டி வந்திருக்கு சார்! நான் குழியா வரைஞ்சேன். நீங்க அதை வீங்க வச்சிருக்கீங்க. கட்டைவிரலை எங்க வைக்கிறது, சொல்லுங்க?"

போனுக்குப் பக்கத்தில் குடுவை நின்றது. வெள்ளை ஃபோமில் செதுக்கிய மாதிரி உருவம். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைப்பதற்கான குடுவை அது. அதன் பக்கவாட்டில் இலை வடிவத்தில் ஒரு மேடு இருந்தது. நேற்று வரை அந்த மேடு அழகாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் கட்டியேதான்.

"வேற செஞ்சு தந்துடறோம் மேடம்," என்றார் முதலாளி. போனை வைத்ததும் எதிரே நின்ற இருவரையும் பார்த்தார். ஒருவர் மெஷினில் ஃபோமைச் செதுக்குகிற அண்ணன். இன்னொருத்தி, எல்லோரும் புறா என்று கூப்பிடும் பெண்.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்கா போச்சு. யார் வேலை இது?"

அண்ணன் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை.

"நான்தான் சார்," என்றாள் புறா.

அது மாதிரி உருவங்கள் செய்துதரும் பட்டறை. கம்பெனிகள் படம் அனுப்பும். பெரும்பாலும் ஒரு தாளில் ஒரே ஒரு படம். அதைக் கம்ப்யூட்டரில் முழு உருவமாக்குவது புறாவின் வேலை. படத்தின் கோடுகள் மேல் வரிசையாகப் புள்ளி வைப்பாள். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஆழம் கொடுப்பாள். படத்தில் அகலம் இருக்கும், உயரம் இருக்கும். ஆழம் மட்டும் இருக்காது. அதை ஊகிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். அவள் ஊகித்ததை அண்ணன் ஃபோமில் செதுக்குவார். கம்பெனி பார்த்துச் சரி சொன்னால், பிளாஸ்டிக் வார்க்கும் அச்சாக அச்சுப் பட்டறையில் இரும்பில் வெட்டுவார்கள். ஃபோமில் தப்பு நடந்தால் திட்டோடு போகும். இரும்பில் நடந்தால் ஆளோடு போகும்.

"குழிக்கும் மேட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்றார் முதலாளி. அவரும் நான்கு நாள் முன்பு இதே உருவத்தைத் திரையில் பார்த்து "பேஷ்" என்று சொன்னவர்தான். அது இப்போது அவர் நினைவில் இல்லை. நினைவுபடுத்தும் துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை. "நல்லவேளை, இதே செட்டுல மூடி தப்பிச்சுது. கம்பெனிக்காரன் பாத்து ஓகே பண்ணிட்டான். நாளைக்கு மத்தியானம் அது இரும்புல ஏறுது. நீ ஒண்ணு பண்ணு. கண்ணு டாக்டர்கிட்ட போய் ஒரு சீட்டு வாங்கிட்டு வா. வெள்ளிக்கிழமையோட உனக்கு மூணு மாசம் முடியுது இல்ல? உன்னை நிரந்தரம் பண்ற காகிதத்தோட சேத்து ஃபைல்ல வச்சிடலாம்."

அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் புறாவால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் அவளுடைய இடது கண் வேலை செய்யாது.

வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ஒன்றுபோல் சிமிட்டும். ஆனால் இடது கண்ணில் தெரிவதெல்லாம் நீராவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் தெரிவது போலத்தான். சோம்பேறிக் கண், சின்ன வயதிலேயே பார்த்திருந்தால் சரி பண்ணியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு வயது பதினொன்று. உலகம் அவளுக்கு ஒரு கண்ணில் வந்தது, தாளில் வரைந்த படம் மாதிரி தட்டையாக. எது கிட்டே, எது தள்ளி என்பதை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். தலையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அசைத்தால் கிட்டே இருப்பது வேகமாக நகரும், தள்ளி இருப்பது மெதுவாக நகரும். எது எதை மறைக்கிறது, எதன் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்துப் படியிறங்கினாள், பஸ் ஏறினாள், இயற்பியலில் பட்டமும் வாங்கினாள். அந்தத் தலையசைப்பைப் பார்த்துத்தான் முதல் வாரமே அண்ணன் அவளுக்குப் புறா என்று பெயர் வைத்தார். காரணம் அவருக்குத் தெரியாது. சேரும்போது கொடுத்த படிவத்தில் "கண்பார்வை" என்ற இடத்தில் அவள் "நன்று" என்று எழுதியிருந்தாள்.

ஒரு கண் என்று தெரிந்தால் உருவம் பார்க்கிற வேலையில் யார் வைத்துக்கொள்வார்கள்?

ஆனால் இடத்துக்குத் திரும்பியதும் அந்தப் பயத்துக்கு அடியில் வேறு ஒன்று அரித்தது. உண்மையிலேயே கண்தான் காரணமா? இரண்டு கண் இருப்பவர்களுக்கு அந்தப் படத்தில் குழி தெரிகிறதா? தெரிந்தால், இந்த வேலை தனக்கு இல்லை. அதையும் யாராவது சொல்வதற்கு முன் தானே தெரிந்துகொள்வது மேல்.

குடுவையின் படத்தை ஒரு தாளில் அச்செடுத்தாள். சுற்றுக்கோடு மட்டும்தான் குடுவை. உடம்பில் வேறு எதுவும் இல்லை. இலை வடிவத்துக்குள் மட்டும் பென்சில் நிழல். இலையின் இடது ஓரம் வெளுப்பு, வலது ஓரம் கறுப்பு. தாளை எடுத்துக்கொண்டு செதுக்கும் அறைக்குப் போனாள். மாவு கொட்டியது போல் எங்கும் ஃபோம் தூள். அண்ணன் புருவத்தில்கூட.

"அண்ணா, இது மேடா, குழியா?"

"கட்டிம்மா, கட்டி. ஊரே சொல்லுதே."

"அவங்க சொன்னதை விடுங்க. உங்களுக்கு எப்படித் தெரியுது?"

அண்ணன் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "மேடுதான். வழவழன்னு உப்பிக்கிட்டு நிக்குது. நீ பண்ணினது தப்பே இல்ல. இதை நான் முதலாளிகிட்ட சொல்லமாட்டேன், அது வேற விஷயம்."

"ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க."

"எதுக்கு?"

"சும்மா, பாருங்க அண்ணா."

அவர் ஒரு கண்ணை மூடினார். மூடும்போது வாயும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. "இப்பவும் மேடு." மற்றதை மூடினார். "இதுலயும் மேடு. என்னம்மா, வித்தையா காட்டுற?"

புறா தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். தாள் தட்டை. தட்டையான ஒன்றில் இரண்டாவது கண்ணுக்கு வேலையே இல்லை. படத்துக்கு முன்னால் வந்துவிட்டால் எல்லோரும் ஒற்றைக் கண்ணர்கள்தான். அண்ணன், முதலாளி, கம்பெனிக்காரன், யாராக இருந்தாலும்.

அப்படியானால் தப்பு எங்கே?

யோசித்துக்கொண்டே தாளை மேஜையில் வைத்தாள். அவளுக்கு நேராக வைத்தாள். எதிரே நின்ற அண்ணனுக்குப் படம் தலைகீழாகப் போனது.

"ஏய்!" என்றார் அண்ணன். "ஏய், இரு. குழி!"

"என்னது?"

"குழி விழுந்துடுச்சு! இப்போ மேடா இருந்ததே?" அவர் தாளின் இலையைத் தொட்டுப் பார்த்தார், உண்மையிலேயே விரல் உள்ளே போகுமோ என்பது போல. "நீ ஏதாவது பண்ணினியா?"

புறா ஓடிவந்து அவர் பக்கம் நின்று பார்த்தாள். குழி. தாளைச் சுழற்றினாள். மேடு. மறுபடி சுழற்றினாள். குழி. ஒரு கோடுகூட மாறவில்லை. மாறியதெல்லாம் வெளுப்பு எந்தப் பக்கம் என்பது மட்டும்.

"வெளிச்சம் இடது பக்கத்துல இருந்து வருதுன்னு நாம நினைச்சுக்கறோம் அண்ணா," என்றாள் மெதுவாக. "அப்போ இடது ஓரம் வெளுப்பா இருந்தா மேடு. ஆனா வெளிச்சம் வலது பக்கத்துல இருந்து வந்தா, குழியோட இடது சுவர்தான் வெளிச்சத்தைப் பாத்துக்கிட்டு இருக்கும். அதுதான் வெளுக்கும். ரெண்டுக்கும் ஒரே படம்."

"அப்போ எதுதான் சரி?"

"வெளிச்சம் எங்கேன்னு தெரிஞ்சாத்தான் சொல்லமுடியும்."

"படத்துல விளக்கு வரையலையே."

"அதான்."

"வரைஞ்ச அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளு. ஒரு நிமிஷ வேலை."

புறா தாளை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் செய்வதைவிட ஒரு வாரம் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது அவளுக்குச் சுலபம். ஏற்கெனவே கட்டி என்று சிரித்த ஒருவரிடம் போய், அரைகுறையாக என்னவென்று கேட்பது? கேட்டால் கையில் ஒரு பிடி இருக்க வேண்டும்.

அந்தப் பெண் கம்பெனிக்காக வரைந்த செட்டில் மொத்தம் பன்னிரண்டு படங்கள். அன்று பிற்பகல் முழுக்க அவற்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்றிலும் தரையில் விழுந்த நிழல் இல்லை. பொருள்கள் எல்லாம் வெள்ளையில் மிதந்தன. விளக்கு இல்லை, ஜன்னல் இல்லை. இருந்தது பென்சில் நிழல் மட்டும். நெருக்கமாகப் போட்ட சாய்ந்த கோடுகள். மாலையில் கண் வலித்து எழுந்தபோதுதான் அந்தக் கோடுகள் உறுத்தின. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, இடது மேலிருந்து வலது கீழாக. பார்க்க ஏதோ மாதிரி இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. தன் நோட்டின் ஓரத்தில் தானே பத்துக் கோடு இழுத்தாள். அவளுடையவை எதிர்ப்பக்கம் சாய்ந்தன.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். புறா ஒரு காகிதத்தையும் பென்சிலையும் நீட்டினாள்.

"இந்த வட்டத்துக்குள்ள கொஞ்சம் நிழல் போடேன். வேகமா, யோசிக்காம."

"மடிக்க ஒரு கை கொடுக்கமாட்டா. வந்ததும் பரீட்சை வைக்கிறா," என்ற அக்கா, முணுமுணுத்துக்கொண்டே கோடு இழுத்தாள். புறாவுடையது போலவே சாய்ந்தன.

"மாமா, நீங்க?"

அக்காவின் கணவர் பேப்பரை விலக்கினார். "எதுல கையெழுத்து வாங்குற? சொத்து ஒண்ணும் இல்லைம்மா என்கிட்ட."

"சொத்து இல்லாமத்தான் நான் கட்டிக்கிட்டேன், பாரு," என்றாள் அக்கா.

மாமா பென்சிலை வாங்கினார். இடது கையில். அவர் இடதுகைக்காரர் என்பது புறாவுக்குப் பல வருடமாகத் தெரியும். ஆனாலும் அந்தக் கை காகிதத்தில் ஓடுவதை இன்றுதான் பார்த்தாள். மணிக்கட்டை ஊன்றி, விரலை மடக்கி நீட்டும்போது கோடு தானாக இடது மேலிருந்து வலது கீழாக விழுந்தது. பன்னிரண்டு படங்களிலும் இருந்த அதே சாய்வு.

"மாமா, உங்க மேஜையில விளக்கை எந்தப் பக்கம் வைப்பீங்க?"

"வலது பக்கம்தான். இந்தப் பக்கம் வச்சா என் கையோட நிழல்ல நானே எழுதணும்."

புறா அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"என்ன பிடிச்சுட்ட, புதையலா?" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கண்ணு விஷயம் சொல்லிட்டியா இல்லையா?"

"இல்ல."

"வெள்ளிக்கிழமை சீட்டுக் கேட்டா?"

"அதுக்கு அவசியமே இருக்காது. தப்பு கண்ணுல இல்லக்கா. விளக்குல."

"எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா பொய்யை மூடிவச்சா அது கொதிக்கும், அவ்வளவுதான் சொல்லுவேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போதே அவளுக்கு அடுத்தது உறைத்தது. விளக்கு வலது பக்கம் என்றால், அது குடுவைக்கு மட்டுமா? மூடியையும் அந்தப் பெண்தான் வரைந்தார். மூடியின் நடுவிலும் ஒரு முட்டை வடிவம், இடது ஓரம் வெளுப்பு. அதையும் அவள் மேடாகத்தான் செய்தாள். பிடித்துத் தூக்க வசதி என்று சொல்லிக் கம்பெனிக்காரன் தலையாட்டினான். வரைந்தவர் அதைப் பார்க்கவே இல்லை. இன்று மதியம் அது இரும்பில் ஏறுகிறது.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. குறைந்தபட்சம் வெள்ளிக்கிழமை தாண்டும்வரை தெரியாது. சொன்னால், ஒரு தப்புக்காகத் திட்டு வாங்கியவள் இரண்டாவது தப்பையும் தானே தட்டில் வைத்து நீட்டுவதாகும்.

பட்டறைக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதினாள். ஒன்று: நான் யார். இரண்டு: மன்னிக்கவும். மூன்று: கேள்வி. பிறகு போனை எடுத்தாள்.

"ஹலோ, மாதிரிப் பட்டறையில இருந்து பேசறேன். படத்தைப் பாத்து உருவம் பண்றது நான்தான்."

"ஓ. கட்டி வரவழைச்சது நீங்கதானா?"

"ஆமாங்க." இரண்டாவது வரியை அவள் விட்டுவிட்டாள். நேராக மூன்றாவதற்குத் தாவினாள். "நீங்க இடதுகைக்காரங்களா?"

அந்தப் பக்கம் குரல் உஷாரானது.

"யார் சொன்னாங்க?"

"உங்க கோடு சொல்லிச்சு."

"அட!" குரலில் இருந்த கிண்டல் போய்விட்டது. "ஆமா. அதுக்கென்ன?"

"விளக்கு உங்களுக்கு வலது பக்கம் இருக்குமா?"

"பின்னே? இடது பக்கம் வச்சா கை மறைக்குமே. அதனால என் படத்துல எல்லாத்துக்கும் வெளிச்சம் வலது பக்கம்தான். எதிர்ல நிழல் போட்டிருக்கேனே, அதைப் பாத்தாலே தெரியுமே."

"நிழலா? எங்களுக்கு வந்த படத்துல நிழலே இல்லீங்க."

"இல்லாம எப்படி? ஒவ்வொண்ணுக்கும் இடது பக்கம் தரையில, பென்சிலை லேசா தேச்சு விட்டிருக்கேன்."

இருவரும் ஒரே நேரத்தில் யோசித்தார்கள். புறாதான் முதலில் கண்டுபிடித்தாள். "கம்பெனியில தாளைப் போன்ல படம் பிடிச்சு அனுப்பறாங்க. அதுக்குன்னு போன்ல இருக்கிற ஆப் அழுக்கைத் துடைச்சுத் தாளை வெள்ளையாக்கிடும்."

"என் நிழல் அதுக்கு அழுக்கா தெரிஞ்சிருக்கா!"

"மேடம், மூடியில நடுவுல இருக்கிறது...?"

"குழி. கட்டைவிரலால அமுக்கினா திறக்கணும். படுத்துக்கிட்டே ஒரு கையால திறக்கிற மூடி அது. ஏன்? அதையும் வீங்க வச்சுட்டீங்களா?"

"ஒரு நிமிஷம் மேடம், நானே திரும்பக் கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டாள். சுவரில் மணி பதினொன்றே கால்.

முதலாளி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசும்போது அவள் குறுக்கே போனதே கிடையாது. இன்று போனாள்.

"சார், மூடியும் தப்பு. அச்சுப் பட்டறைக்குச் சொல்லி நிறுத்துங்க."

"எந்த மூடி? ஓகே ஆனதா? உனக்கென்ன பைத்தியமா?"

"அதுவும் குழி சார். வரைஞ்சவங்ககிட்டயே கேட்டுட்டேன்."

கேட்டுவிட்டேன் என்ற சொல்தான் அவரை எழுப்பியது. புறா போன் செய்தாளா? அவர் மேலே ஒன்றும் கேட்காமல் அச்சுப் பட்டறைக்குப் போட்டார். "இரும்பு ஏத்திட்டீங்களா? ஏத்தியாச்சா? வெட்டலையே? வெட்டாதே. கையை எடு. மெஷினை விட்டுத் தள்ளி நில்லுய்யா!"

போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இப்போ சொல்லு. முதல்ல இருந்து."

அவள் சொன்னாள். அவ்வளவு நீளமாக அவள் அங்கே பேசியதே இல்லை. நடுநடுவே வார்த்தை கிடைக்காதபோது தாளைக் காட்டினாள். சுழற்றினாள். முதலாளியின் முகத்தில் இலை மேடாகி, குழியாகி, மேடானது நன்றாகவே தெரிந்தது. கோடுகளின் சாய்வையும் மாமாவின் காகிதத்தையும் காட்டினாள். சத்தம் கேட்டு அண்ணனும் வாசலில் வந்து நின்றிருந்தார்.

"பென்சில் சாய்வைப் பாத்து விளக்கு எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சியா?" முதலாளி தாளை இன்னொரு முறை சுழற்றினார். விளையாட்டுச் சாமான் கிடைத்தது போல் அவரால் அதைக் கீழே வைக்க முடியவில்லை. "சரி, நானும் இதை மேடுன்னுதானே பாத்தேன். அப்போ சீட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கண்ணு டாக்டரை விடு."

புறா மூச்சை வெளியே விட்டாள். முடிந்தது. இனி வெள்ளிக்கிழமைக்குப் பயமில்லை.

"என்னையும் வச்சுப் பரிசோதனை பண்ணினா சார்," என்றார் அண்ணன், பெருமையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல். "ஒரு கண்ணை மூடிப் பாருங்கன்னா. நான் மறு கண்ணையும் மூடிப் பாத்தேன். எப்படிப் பாத்தாலும் மேடுதான்."

"ஒரு கண்ணை எதுக்கு மூடணும்?" என்று கேட்டார் முதலாளி.

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அறிவியல் முறை என்று சொன்னால்கூட அவர் தலையாட்டியிருப்பார். ஆனால் இரண்டு நாளாக ஏன், ஏன் என்று தோண்டிக்கொண்டு வந்தவளுக்கு, அதே கேள்வி தன்னிடம் வரும்போது ஒரு பொய்யை வைத்து மூட மனம் வரவில்லை.

"எனக்கு ஒரு கண்ணுதான் தெரியும் சார். அதனாலதான் தப்பு பண்ணினேனோன்னு பாக்க."

அண்ணனின் வாய் திறந்தபடி இருந்தது.

"எந்தக் கண்ணு?" என்றார் முதலாளி.

"இடது."

முதலாளி முன்னால் சாய்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, தன் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மறு கையால் டீ கிளாஸை எடுக்கப் போனார். விரல் கிளாஸுக்கு முன்னாலேயே மூடிக்கொண்டது. இரண்டாவது முறை கிளாஸ் இடறி, கொஞ்சம் டீ மேஜையில் சிந்தியது.

"நீ எப்படி எடுக்கிற?"

"மெதுவா சார்."

அண்ணன் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. மேஜையைத் துடைத்தார். துடைத்து முடிக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தார்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா உன்னை எடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும் சார்."

"பொய் எழுதினது தப்பு."

"தப்புதான் சார்."

"இன்னும் எத்தனை படம் இருக்கு, இந்தச் செட்டுல?"

"பத்து. குடுவையும் மூடியும் திரும்பப் பண்ணணும். மொத்தம் பன்னிரண்டு."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு யோசித்தார். "நாளைக்கு நிரந்தரம் பண்ற காகிதம் தர்றேன். படிவத்தைத் திருத்தி எழுதிக் கொடு. டாக்டர் சீட்டும் வேணும், உள்ளது உள்ளபடி. ஒளிச்சு வச்சா எனக்குப் பிடிக்காது. இன்னொண்ணு. இனிமே எந்தப் படம் வந்தாலும், யார் வரைஞ்சிருந்தாலும், புள்ளி வைக்கிறதுக்கு முன்னாடி அவங்களுக்குப் போன் பண்ணி வெளிச்சம் எங்கேன்னு கேக்கணும். அது உன் வேலை."

"மெயில் போடலாமே சார்?"

"போன்."

"சார்..."

"கண்ணுக்குச் சலுகை உண்டு. வாய்க்குக் கிடையாது. போ."

அவள் வெளியே வந்தாள். அண்ணன் பின்னாலேயே வந்தார். "குடுவைக்குப் புது ஃபோம் எடுத்து வைக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் செதுக்கும் அறையில் ஏதோ கீழே விழுந்து உருண்டது. "மெதுவா எடுக்கணுமாம்ல!" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்டது.

செட்டின் மூன்றாவது படம் ஒரு மருந்துப் பெட்டி. முன்பக்கம் வளைந்து, இரண்டு ஓரமும் பின்னால் ஓடி மறைந்தன. புறா அதைத் திரையில் போட்டு, இந்த முறை வெளிச்சத்தை வலது பக்கம் வைத்துப் பார்த்தாள். நேற்று மேடுகளாக இருந்தவை எல்லாம் உள்ளே போய், மாத்திரைகள் உட்காரும் சின்னச் சின்னப் பள்ளங்களாயின. எல்லாம் பொருந்தியது. ஓரங்களைப் பிடித்துப் பெட்டியை மனதுக்குள் மெல்லத் திருப்பினாள். திருப்பியதும் வெறும் வெளி. பின்னால் ஒன்றுமே இல்லை. எந்த நிழலும் எந்தக் கோடும் அங்கே போகவில்லை.

வரி எதுவும் எழுதிவைத்துக்கொள்ளாமல் போனை எடுத்தாள்.

"கூப்பிடறேன்னுட்டு வச்சீங்களே, மூடி தப்பிச்சுதா?" என்றது அந்தக் குரல், எடுத்ததுமே.

"தப்பிச்சுது மேடம். வெட்டலை."

"அப்பாடா."

"மருந்துப் பெட்டிக்கும் வெளிச்சம் வலது பக்கம்தானே?"

"எல்லாத்துக்கும் வலதுதான்."

"சரி மேடம். இதோட பின்பக்கம் எப்படி இருக்கு?"

"பின்பக்கமா?"

அந்தப் பக்கம் ஒரு தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு, திருப்பியதை உணர்ந்து, அந்தப் பெண் தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கும் சத்தம்.

"அதை நான் யோசிக்கவே இல்லையேம்மா. அங்க என்ன இருக்கும்னு நினைக்கிற?"

புறா நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எனக்கு ரெண்டு மூணு தோணுது. சொல்லட்டுமா?" என்றாள்.